நான் மன்னிப்புக் கேக்கல

அந்தப் பள்ளிக்கூடத்துக்கா போறீங்க தம்பி? கண்டக்டர்கிட்ட நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. அந்தப் பேரைச் சொன்னா அவனுக்குத் தெரியாது. கிட்டங்கிப் பள்ளிக்கூடம்னு கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பான். முந்தி பருத்தி மூட்டை அடுக்கி வச்சிருந்த கிட்டங்கி அது. நானும் அங்கதான் எறங்கணும். அங்கதான் வேலை பாக்குறேன். நல்லா உக்காருங்க, பாலம் வேலை நடக்குது, சுத்தித்தான் போவான், முக்கா மணி நேரம் ஆகும்.

பொண்ணைச் சேக்கவா? எத்தனாப்பு? ரெண்டா. சரி. அப்ப உங்களுக்கு விவரம் தெரியணும். அங்க மரகதம் உங்களை உக்கார வச்சு நல்லாப் பேசும். அதுதான் நடத்துறது. நல்ல பிள்ளை, குத்தம் சொல்லக்கூடாது. ஆனா ஊருக்குள்ள விசாரிச்சீங்கன்னா என்னைப் பத்தி ஒண்ணு சொல்லுவாக. "தனபாக்கியம் டீச்சர் சின்னப் பிள்ளைககிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு"ன்னு. கேக்கல. அதை மொதல்ல சொல்லிர்றேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அருப்புக்கோட்டையில ஒரு பள்ளிக்கூடம், பேரு எதுக்கு இப்ப. மூணாப்புக்கு நான்தான். என் வகுப்புல ஒரு குண்டூசி விழுந்தா சத்தம் கேக்கும். எங்கிட்ட படிச்ச பிள்ளைக பேங்குல இருக்கு, போலீஸ்ல இருக்கு. மதுரையில ஒரு டாக்டரம்மா எங்கிட்ட படிச்ச பிள்ளைதான். முட்டு வலிக்குக் காட்டப் போனேன். ஆளைப் பாத்ததும் அதுக்கு அடையாளம் தெரியல. பேரைச் சொன்னேன். சொன்ன உடனே கை டக்குன்னு காதுக்குப் போச்சு. பெறகுதான் சிரிச்சுச்சு. எந்திரிச்சு நின்னு கும்பிட்டுச்சு. அந்த மரியாதையெல்லாம் இப்ப எங்க வருது?

புதுசா வந்த நிர்வாகம் எங்களை மாதிரி பழைய ஆளுகளை நிப்பாட்டிட்டாக. வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். மகன் கோயம்புத்தூர்ல, அவன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். "நல்லா இருக்கியாம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவான். வேலை ஜாஸ்தி அவனுக்கு. அப்பத்தான் மரகதம் தேடி வந்துச்சு. "டீச்சர், எங்ககிட்ட அனுபவமுள்ள ஆளு இல்ல, வாங்க"ன்னுச்சு. போனேன். இது ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஜூன் மாசம்.

போன அன்னைக்கே எனக்குத் தலை சுத்திருச்சு. முப்பத்தி நாலு பிள்ளைக. பரீட்சை கெடையாது. ரேங்க் கெடையாது. மணி உண்டு, அதையும் பிள்ளைகதான் அடிக்கும். டீச்சருன்னு கூப்பிடக்கூடாதாம், எல்லாரும் அக்கா. எனக்கு அம்பத்தாறு வயசு தம்பி. ஆறு வயசுப் பிள்ளை "தனம் அக்கா, உங்க சேலையில என்ன பூவு?"ன்னு கேக்குது. டீச்சருன்னு கூப்பிடுன்னு சொன்னேன். "சரிக்கா"ன்னுட்டு ஓடிருச்சு.

எறும்பு பாத்தாக ஒரு தடவை. மூணு நாள். மொத்தப் பள்ளிக்கூடமும் குப்புறப் படுத்துக் கெடந்து எறும்பு பாத்துச்சு. புத்தகத்துல எறும்பு அரைப் பக்கம்தான் வருது. நான் மரகதத்துக்கிட்ட கேட்டேன், இந்த வேகத்துல போனா யானைக்கு எத்தனை வருஷம் ஆகும்னு. அது சிரிக்குது. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

பெறகு இந்த வெள்ளிக்கிழமை வட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறகு எல்லாரும் வட்டமா உக்காருவாக. ஒரு பிஸ்கட் டின்னு இருக்கு. வாரம் பூரா யாருக்கு யாரு மேல என்ன குறை இருந்தாலும் எழுதி அதுல போடலாம். எழுத வராத பிள்ளைக வாயால சொல்லலாம். ஒரு பிள்ளை தலைவர் மாதிரி இருந்து எடுத்துப் படிக்கும். எல்லாரும் பேசுவாக, முடிவு சொல்லுவாக. ஊஞ்சல்ல எடம் தரல, செருப்பை ஒளிச்சு வச்சான், இப்பிடித்தான் வரும். பெரியவுக மேலயும் போடலாம்னு மரகதம் சொல்லி வச்சிருக்கு. அது மேலயே ரெண்டு மூணு வந்திருக்கு. "மரகதக்கா பாதிக் கதையில நிறுத்திட்டாங்க"ன்னு. அது உக்காந்து பதில் சொல்லும். எனக்குப் பாக்கவே கூச்சமா இருக்கும். முட்டு வலின்னு சொல்லி நான் ஒரு நாக்காலியை வாசப்பக்கம் போட்டு உக்காந்துக்கிடுவேன்.

வைரக்கனின்னு ஒரு பிள்ளை. அப்ப மூணாப்பு வயசு, எட்டு. அவ அம்மா சண்முகக்கனி தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போறவ. அந்தப் பிள்ளை படம் வரைஞ்சா அச்சு அசலா இருக்கும். கணக்கெல்லாம் மனசுக்குள்ளயே போட்டுரும். எழுத்துன்னா மட்டும் ஆகாது. தனித் தனியா எழுத்து தெரியும், நாலு எழுத்து சேந்து வந்துச்சுன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிடும். சாக்குச் சொல்லிட்டு வெளிய ஓடிரும். பள்ளிக்கூடத்து வேலிக்கு அந்தப் பக்கம் அவுக வீடு. வீட்டுல நாலு ஆடு. எந்நேரமும் ஆட்டுப் பேச்சுத்தான்.

மரகதத்துக்கிட்ட சொன்னேன். "எட்டு வயசாச்சு, படிக்கத் தெரியல. என்ன செய்யப் போறே?"

"வரும் டீச்சர். எதுல அவளுக்குப் பிடி கெடைக்கும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"எத்தனை நாளைக்குப் பாப்ப? ஆறாப்புக்கு டவுனுக்குப் போனா அங்க கடைசி பெஞ்சுல தூக்கிப் போட்டுருவாக. அதோட அந்தப் பிள்ளை கதை முடிஞ்சுச்சு."

சும்மா சொல்லல தம்பி. எத்தனை பிள்ளைகளை நானே அப்பிடிப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? படிக்காத பிள்ளைய வச்சுக்கிட்டு நாப்பது பேருக்குப் பாடம் நடத்த முடியாது. பின்னாடி போடுவோம். அது அங்கயே இருந்து அங்கயே போயிரும். இந்தப் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாதுன்னு எனக்கு இருந்துச்சு. அதுல என்ன தப்பு?

மரகதம் பாத்துக்கிட்டே இருக்கட்டும்னு நான் ஆரம்பிச்சேன். சாயந்தரம் நாலு மணிக்குப் பெறகு மரகதம் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குள்ள விடப் போயிரும். அந்த அரை மணி நேரம் வைரக்கனி எனக்கு. ஒரு நாளைக்கு மூணு வார்த்தை. ஒவ்வொண்ணும் இருபது தடவை. தப்பு விட்டா இன்னொரு இருபது. அடிக்கல. நான் அந்த மாதிரி டீச்சர் இல்ல, குச்சி எடுத்ததே கெடையாது. காதைப் பிடிப்பேன். அதுவும் பிடிக்கத்தான் செய்வேன், பிள்ளை நெளிஞ்சுச்சுன்னா அதுவாத் திருகிக்கிடும்.

மூணு வாரத்துல நாப்பது வார்த்தை எழுதுச்சு. கேட்டீங்களா? ரெண்டு வருஷமா வராதது மூணு வாரத்துல. பயந்துதான் எழுதுச்சு, ஒத்துக்கிடுறேன். பயந்தா என்ன, வந்துச்சுல்ல?

அந்த நாலு ஆட்டுல ஒண்ணு வைரக்கனியோடது. சினையா இருந்துச்சு. தெனமும் வந்து அதைத்தான் சொல்லும். "இன்னும் பத்து நாளுக்கா." "மடி இறங்கிருச்சுக்கா." "நான்தான் மொதல்ல பாப்பேன், அம்மா சொல்லிருச்சு." நான் "சரி, எழுது"ம்பேன்.

ஒரு செவ்வாக்கிழமை. பதினாலாவது தடவையோ பதினஞ்சாவது தடவையோ எழுதிக்கிட்டிருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டுப் பொம்பளை சத்தம் குடுக்குறா, "ஏ வைரம், ஒன் ஆடு குட்டி போடப் போகுது, வா"ன்னு. இது நோட்டைப் போட்டுட்டு எந்திரிச்சிருச்சு. நான் உக்காருன்னேன். "அக்கா, ஆடுக்கா"ன்னுச்சு. "ஆடு எங்கயும் போகாது, எழுது"ன்னேன். வாசலையே பாக்குது. காதைப் பிடிச்சு நோட்டுப் பக்கம் திருப்புனேன். அம்புட்டுத்தான். எழுதி முடிச்சுட்டுத்தான் போச்சு. அது போறதுக்குள்ள ஆடு ரெண்டு குட்டி போட்டு நக்கித் தொடச்சே முடிச்சிருச்சாம்.

குட்டி நல்லாத்தான இருந்துச்சு? ஆடும் நல்லாத்தான இருந்துச்சு? யாருக்கு என்ன நட்டம்? அப்பிடித்தான் நெனச்சேன்.

மறுநாள்ல இருந்து பிள்ளை பேசல. சொன்னதை எழுதும், போயிரும். ஆட்டுப் பேச்சும் இல்ல. மரகதம் எங்கிட்ட கேட்டுச்சு, "டீச்சர், வைரம் ஏன் ஒரு மாதிரியா இருக்கா?" "காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கும், மழை நாளுல்ல"ன்னேன். பொய்யில்ல. மழை நாளுதான்.

அதுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. வட்டம். அன்னைக்குத் தலைவர் லிங்கேஸ்வரி, ஒம்பது வயசு, கலெக்டர் மாதிரி உக்காந்திருக்கு. ஊஞ்சல் ஒண்ணு முடிஞ்சுச்சு. பென்சில் ஒண்ணு முடிஞ்சுச்சு. மூணாவது தாளை எடுத்துப் பிரிச்சுச்சு. படிக்காம என்னைப் பாத்துச்சு. மரகதத்தைப் பாத்துச்சு.

"படி லிங்கேஸ்"னு மரகதம் சொல்லுச்சு.

"ஆடு குட்டி போட்டுச்சு. நான் பாக்கல. தனம் அக்கா விடல. காதைத் திறுகுனாங்க. எனக்கு வலிச்சது. வைரக்கனி."

ஒரு சத்தம் இல்ல. முப்பத்தி நாலு பிள்ளைக. என் வகுப்புல குண்டூசி விழுந்தா கேக்கும்னேனே, அந்த மாதிரி.

எனக்கு மொதல்ல என்ன வந்துச்சு தெரியுமா தம்பி? நெசமாச் சொல்றேன். சந்தோஷம். எட்டு வயசு வரைக்கும் ஒரு வரி எழுதாத பிள்ளை அஞ்சு வரி எழுதியிருக்கு. யாரும் சொல்லிக்குடுக்காம, சொந்தமா. எழுத வச்சது யாரு? எந்திரிச்சு லிங்கேஸ்வரி கையில இருந்து தாளை வாங்குனேன். பாத்தேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன், "வைரக்கனி, திருகுறதுக்குச் சின்ன ர போடணும். நீ பெரிய ற போட்டிருக்க. மத்ததெல்லாம் சரி."

பிள்ளை அழுதுருச்சு. பத்து நாளா அழுகாத பிள்ளை அப்பத்தான் அழுதுச்சு. நான் பாராட்டத்தான் செஞ்சேன்.

லிங்கேஸ்வரி கேக்குது, "தனம் அக்கா, நீங்க காதைத் திருகுனீங்களா?" விசாரணை. என்னைய.

"படிக்கணும்னு செஞ்சேன்."

"திருகுனீங்களா?"

"ஆமா."

அதுக்குப் பக்கத்துல ஒரு பொடிசு, ஒண்ணாப்புப் பிள்ளை, கை தூக்கிச்சு. "உங்க காதை யாராச்சும் திருகியிருக்காங்களா அக்கா?"

திருகாம இருப்பாகளா? எங்க வாத்தியாரு திருகுன திருகுல கம்மலே பிஞ்சு வந்திருக்கு. இங்க பாருங்க, இந்தக் காது மடல் ரெண்டா இருக்கா, அது அதுதான். அதனாலதான் நான் டீச்சரா ஆனேன். அப்பிடித்தான் அந்தப் பிள்ளைகிட்டயும் சொன்னேன். அது என் காதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "ரொம்ப வலிச்சதா?"ன்னு கேட்டுச்சு. அதெல்லாம் எதுக்கு இப்ப.

பிள்ளைக கூடிப் பேசுனாக. தனம் அக்கா வைரக்கனிகிட்ட சாரி கேக்கணும்னு முடிவாச்சு. மரகதம் வாயே தெறக்கல, பாத்துக்கிடுங்க. நான் பையை எடுத்தேன். "இருபத்திரண்டு வருஷத்துல எந்த ஹெட்மாஸ்டரும் எங்கிட்ட இப்பிடிச் சொன்னதில்ல. நான் கேக்க மாட்டேன்"ன்னுட்டு வெளிய வந்துட்டேன்.

மரகதம் பின்னாடியே பஸ் நிறுத்தத்துக்கு வந்துச்சு. திட்டும்னு நெனச்சேன். திட்டியிருந்தா நாலு வார்த்தை நானும் பேசியிருப்பேன். அது கேட்டுச்சு, "டீச்சர், அந்தத் தாள்ல உங்க கண்ணுல மொதல்ல பட்டது எது?"

"அந்த ற."

"எனக்கு மொதல்ல பட்டது 'நான் பாக்கல'ங்கறது"ன்னுச்சு. பஸ் வர்ற வரைக்கும் கூடவே நின்னுச்சு. குடை வச்சிருந்துச்சு, எனக்கும் சேத்துப் பிடிச்சுச்சு.

நாலு நாள் போகல. எதுக்குப் போகணும்? எனக்கென்ன வேற கதியில்லையா? வேற எடம் கேட்டு ரெண்டு பேருக்குப் போன் பண்ணேன். பாக்கலாம்னாக. வீட்டுல இருந்தேன். அதுக்குள்ள விசயம் அருப்புக்கோட்டை வரைக்கும் வந்திருச்சு. காய்கறிக் கடையில ஒருத்தி கேக்குறா, "என்ன டீச்சர், பிள்ளைகெல்லாம் சேந்து உங்க மேல கேஸு போட்டிருச்சாமே?"

வியாழக்கிழமை வைரக்கனியோட அம்மா வந்தா. தீப்பெட்டி ஆபீஸு லீவு அன்னைக்கு. சண்முகக்கனி. நாலு வயசுப் பையனை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறா. சண்டைக்குத்தான் வந்திருக்கான்னு நெனச்சு நானும் தயாரா இருந்தேன்.

அவ சண்டைக்கு வரல. "டீச்சர், நீங்க வராம இருக்காதீக. மரகதம் டீச்சர் வீட்டுக்கே வந்து தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னாக. எனக்கு ஒரு மாதிரி ஆகிப்போச்சு. என்ன தப்பு இதுல? எழுத வந்திருச்சே பிள்ளைக்கு. நீங்க திருகுங்க, நான் இருக்கேன். நாலு எழுத்து வந்தாப் போதும், என்னைய மாதிரி குச்சி அடுக்கப் போகாம இருந்தாப் போதும்."

கேட்டீங்களா தம்பி? பெத்தவளே சொல்றா. எனக்கு இதைவிட என்ன வேணும்? உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுக் காப்பி போட்டேன். அவளும் நிம்மதியாப் பேசிக்கிட்டிருந்தா. பேச்சோட பேச்சா, "வீட்டுல ஒரே டீச்சர் வெளாட்டுத்தான். இவனை உக்கார வச்சுப் பாடம் நடத்துறா. அப்பிடியே உங்களை மாதிரி. இங்க பாருங்க"ன்னு அந்தப் பையனைத் திருப்பிக் காட்டுனா.

காது செவந்து கெடந்துச்சு. மடலுக்குக் கீழ நகம் பட்டு ஒரு கோடு. காஞ்சு போயிருந்துச்சு.

"இவன் எந்திரிச்சு ஓடப் பாப்பான். அவ விடமாட்டா. 'ஆடு எங்கயும் போகாது, எழுது'ம்பா"ன்னு சொல்லிட்டு சண்முகக்கனி சிரிக்கிறா. நெசமாவே சிரிக்கிறா, பெருமையா. "ஆட்டுக்கும் இவனுக்கும் என்ன சம்மந்தம்னே தெரியல, அதையே சொல்லுறா."

அந்தப் பையன் என்னைப் பாத்தான். யாருன்னு அவனுக்குத் தெரியாது. ஆனா டீச்சருன்னு அம்மா கூப்பிட்டதைக் கேட்டானோ என்னமோ, கையை எடுத்துக் காதை மூடிக்கிட்டான்.

எனக்கு ஒண்ணும் ஆகல. காப்பி ஆறிப்போச்சு, வாயில வைக்கல, அம்புட்டுத்தான். சண்முகக்கனி போன பெறகு கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். சமைக்கல. ஒரு நாள் சமைக்காட்டி என்ன. ஒத்தை ஆளுக்கு.

அன்னைக்குச் சாயந்தரம் ஒரு நோட்டைக் கிழிச்சு எழுத உக்காந்தேன். போர்டுல எழுதி எழுதிப் பழகுன கை தம்பி, பிசிறே இருக்காது. அன்னைக்கு ஏழு தாள் கிழிச்சேன். பெறகு எழுதுனதை அப்பிடியே சொல்றேன், எனக்கு மனப்பாடம்.

"வைரக்கனி, உன் ஆடு குட்டி போட்டதை நீ பார்த்திருக்கணும். நான் விட்டிருக்கணும். காதைத் திருகியது தப்பு. இனிமேல் யார் காதையும் திருக மாட்டேன். நீயும் தம்பி காதைத் திருகாதே. தனபாக்கியம்."

இதுல மன்னிப்புங்கற வார்த்தை இருக்கா? சாரின்னு இருக்கா? இல்ல. கடைசியில ஒரு புத்திமதிகூடச் சொல்லியிருக்கேன். மன்னிப்புக் கேக்குற ஆளு புத்திமதி சொல்லுமா? ஊருக்காரவுக வாய்க்கு வந்ததைப் பேசுறாக.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளனப் போயி பிள்ளைக வர்றதுக்குள்ள டின்னுல போட்டேன். மரகதம் என்னைப் பாத்துச்சு. "வாங்க டீச்சர்"னு மட்டும் சொல்லுச்சு, நேத்துத்தான் பாத்த மாதிரி. வைரக்கனி அன்னைக்குப் பூரா எம்பக்கம் வரல. தூரத்துல இருந்தே போயிரும். நானும் கூப்பிடல.

மத்தியானம் வட்டம். லிங்கேஸ்வரி ரெண்டு தாள் படிச்சிட்டு மூணாவதா எடுத்துச்சு. "இது தனம் அக்கா போட்டது. வைரத்துக்கு. நான் படிக்கவா, நீ படிக்கறியா?"

"நான்"னு வைரக்கனி கையை நீட்டுச்சு.

படிக்க ஆரம்பிச்சுச்சு. எழுத்தெழுத்தாக் கூட்டிக் கூட்டி. ஆடு வந்துச்சு. குட்டி வந்துச்சு. 'பார்த்திருக்கணும்'ல வந்து நின்னுச்சு. பா. பார். திரும்பவும் பா. என் நாக்கு நுனியில இருக்கு அந்த வார்த்தை. சொல்லிக்குடுக்காம இருக்க முடியல எனக்கு. பிள்ளைக ஒண்ணுகூட வாயைத் தெறக்கல. மரகதமும் சும்மா உக்காந்திருக்கு. நான் சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தைக்கு அம்புட்டு நேரம் நான் ஒரு பிள்ளைக்காகக் காத்துக்கிட்டு இருந்ததில்ல தம்பி, சர்வீஸ்லயே இருந்ததில்ல. பிள்ளை விடல. "பார்த்திருக்கணும்"னு சொல்லிருச்சு. சொல்லிட்டுத் தாளைக் கொஞ்ச நேரம் அப்பிடியே பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பெறகு மீதியைப் படிச்சுச்சு. கடைசி வரிக்கு வந்ததும் நிமிந்து என்னையப் பாத்துக் கேக்குது, "தம்பியைத் திருகுனது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கம்மா சொன்னா."

"காட்டிக்குடுத்துருச்சா"ன்னுச்சு. எல்லாம் சிரிச்சுருச்சு. அதுவும் சிரிச்சுச்சு. தாளை மடிச்சுப் பாவாடைப் பையில வச்சுக்கிட்டு, "சரிக்கா"ன்னுச்சு.

லிங்கேஸ்வரி அடுத்த தாளை எடுக்கப் போச்சு. நான் கேட்டேன், "இருங்க. எனக்குத் தண்டனை என்ன?"

பிள்ளைக ஒண்ணையொண்ணு பாத்துக்கிடுச்சு. "தண்டனையா?"ன்னு கேக்குது லிங்கேஸ்வரி. "அதான் நீங்களே எழுதிட்டீங்களே."

அதெப்பிடித் தம்பி? தப்புன்னா ஒரு தண்டனை வேணாமா? நாக்காலியை விட்டு எந்திரின்னு சொல்லியிருந்தாக்கூட எந்திரிச்சிருப்பேன். இருபது தடவை எழுதச் சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். ஒண்ணும் சொல்லல. அடுத்த தாளு, யாரோ தண்ணி பாட்டிலை மாத்தி எடுத்துட்டாங்கன்னு ஆரம்பிச்சிருச்சு. எனக்கு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் என்னமோ பாக்கி இருக்குற மாதிரியே இருந்துச்சு. இன்னும்கூட எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மரகதத்துக்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

அதுக்குப் பெறகு நாலு மணிக்கு நான் யாரையும் உக்கார வைக்கல. அது வந்து, எனக்கு முட்டு வலி ஜாஸ்தியாயிருச்சு, சீக்கிரம் பஸ் ஏறணும். ஒரு பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு வைரக்கனி ஒரு மருந்து பாட்டிலைக் கொண்டு வந்துச்சு. குட்டி ஒண்ணுக்குக் கழிச்சலாம். கால்நடை ஆஸ்பத்திரியில குடுத்த மருந்து. "எத்தனை மில்லின்னு இதுல போட்டிருக்காமே, படிச்சுச் சொல்லுங்கக்கா"ன்னுச்சு. வாங்கிப் படிக்கப் போனேன். பெறகு என்ன தோணுச்சோ, பாட்டிலை அதுகிட்டயே குடுத்தேன். "நான் கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படி"ன்னேன். கண்ணாடி கழுத்துலதான் தொங்குச்சு. அது பாத்துச்சு. திண்டாடித் திண்டாடிப் படிச்சுச்சு. குட்டி பொழச்சிருச்சு.

இப்ப அந்தப் பிள்ளை அஞ்சாப்பு. பேப்பர், நோட்டீஸு, பஸ்ஸு போர்டு, எதையும் விடுறதில்ல. மரகதம் சொல்லுது, ஆட்டாலதான் அதுக்குப் படிப்பு வந்துச்சாம். நான் விடுவேனா? அந்த நாப்பது வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பேன். தெனமும் எங்களுக்குச் சண்டைதான். நேத்துக்கூடச் சண்டை. ஒரு நாளாச்சும் ஒரு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்க விடும்மான்னா, பிள்ளைக கேட்டா சொல்லிக்குடுங்கங்குது. பிள்ளைக வந்து வாய்ப்பாடு கேக்குமா? நீங்களே சொல்லுங்க. ஆனா ரெண்டு பேரு கேட்டிருக்குதுக, அது வேற விசயம்.

அந்தா, சுத்தி வந்தாச்சு. அடுத்த நிறுத்தம்தான். பையை எடுத்துக்கங்க.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் தம்பி. இன்னைக்கு நீங்க பாட்டுக்கு அட்மிஷன் பாரத்தை நிரப்பிக் குடுத்துட்டுப் போயிராதீங்க. ஊருக்குப் போயி, நாளைக்கே பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு நாள் பூரா இருக்கட்டும். பெறகு அதுகிட்ட கேளுங்க, உனக்கு இங்க வரப் பிடிச்சிருக்கான்னு. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்னு நெனைக்காதீங்க. கேட்டுட்டு அது சொல்றதைச் செய்யுங்க.

நான் இப்பிடிச் சொன்னேன்னு மரகதத்துக்கிட்ட சொல்லிராதீங்க.